பால்சூப்பும் ஏழு நாற்காலிகளும்

மிதவாதம் என்ற சொல்லுக்குத் தமிழில் அவ்வளவு நல்ல பெயர் கிடையாது. 1907 டிசம்பரில் சூரத் காங்கிரஸ் மாநாட்டில் செருப்பும் நாற்காலியும் பறந்து கட்சி இரண்டுபட்டபோது, கோகலே பக்கம் நின்றவர்களுக்கு மிதவாதிகள் என்றும் திலகர் பக்கம் நின்றவர்களுக்குத் தீவிரவாதிகள் என்றும் பெயர் நிலைத்தது. வ.உ.சி.யும் பாரதியும் திலகரோடு நின்றார்கள். கோகலே தரப்பை நையாண்டி செய்து பாரதி பாட்டே எழுதினார். அன்று ஒட்டிக்கொண்ட வாடை இன்னும் போகவில்லை. மிதவாதி என்றால் மனு எழுதுகிறவர், எதிராளிக்கு வலிக்காமல் பேசுகிறவர், கடைசியில் ஏமாந்துபோகிறவர் என்றே காதில் விழுகிறது.

பலம் இல்லாதவர் பணிந்துபோவதற்குத்தான் அந்தப் பெயர் என்றால் கேலி நியாயமே. ஆனால் அரசியலிலும் மதத்திலும் மிதவாதத்துக்குச் சோதனை வருவது பலம் உள்ளவரிடத்தில். ஜெயிக்கும் நிலையில் இருப்பவர் எந்த இடத்தில் நிறுத்திக்கொள்கிறார் என்பதே கேள்வி. இதை ஐந்நூறு ஆண்டு நீளத்துக்கு விரித்துப் பார்க்க வசதியான நாடு சுவிட்சர்லாந்து. பனிமலை, கைக்கடிகாரம், சாக்லேட், வங்கிக் கணக்கு என்று பெயர்பெற்ற அந்த நாட்டு மக்கள் பிறவியிலேயே சாந்தமானவர்கள் என்று நினைத்தால் தப்பு. 1529, 1531, 1656, 1712, 1847 என ஐந்து முறை அங்கே கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் ஒருவர்மேல் ஒருவர் படை திரட்டினார்கள். அந்தச் சாந்தம் அடித்துக்கொண்டு ஓய்ந்த பிறகு கற்றுக்கொண்டது.

1529-ல் அது ஒரு நாடாகவே இல்லை. கன்டன் எனப்படும் தன்னாட்சிச் சிறு மாநிலங்கள் பதின்மூன்று சேர்ந்து செய்துகொண்ட கூட்டு அது. சூரிச் நகரத்தில் சுவிங்லி என்ற பாதிரியார் மதச் சீர்திருத்தத்தில் இறங்கியிருந்தார். தேவாலயங்களிலிருந்து சுரூபங்கள் அகற்றப்பட்டன, திருப்பலிப் பூசை நின்றது. லூசெர்ன், ஊரி, ஷ்விட்ஸ் உள்ளிட்ட ஐந்து கன்டன்கள் பழைய கத்தோலிக்க வழியை விடவில்லை. அந்த ஆண்டு மே மாதம் ஷ்விட்ஸ்காரர்கள் ஒரு புராட்டஸ்டன்ட் போதகரைப் பிடித்துத் தீயிலிட்டுக் கொன்றார்கள். ஜூனில் சூரிச் படை கிளம்பியது. காப்பெல் என்ற எல்லைக் கிராமத்தில் இரு படைகளும் எதிரெதிரே நின்றன.

கிளாருஸ் கன்டனின் தலைவர் ஹான்ஸ் ஏப்லி ஓடிவந்து, சில மணி நேரம் பொறுக்கும்படி சூரிச்சாரிடம் மன்றாடினார். பேச்சு தொடங்கியது, இரண்டு வாரம் இழுத்தது. பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்க, காவலில் நின்ற சிப்பாய்களுக்குப் பசி. மலைநாட்டார் மாடு வளர்ப்பவர்கள். பால் ஏராளம், ரொட்டி இல்லை. ஒரு பெரிய பாத்திரம் நிறையப் பாலை எல்லைக்கோட்டின் மேல் கொண்டுவந்து வைத்து, பால் இருக்கிறது, பிய்த்துப் போடத்தான் ஒன்றும் இல்லை என்று கூவினார்கள். சூரிச்சார் ரொட்டியோடு வந்தார்கள். இரு தரப்பும் சுற்றி உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் கரண்டி விட்டுச் சாப்பிட்டார்கள். ஒரு நிபந்தனை மட்டும் இருந்தது. கரண்டி அவரவர் பாதியில்தான் போக வேண்டும். தாண்டினால் எதிர்ப்பக்கத்து ஆள் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டி, உன் மண்ணில் சாப்பிடு என்பான். சுவிங்லிக்குப் பின் சூரிச் சபைக்குத் தலைமையேற்ற புல்லிங்கர் தன் வரலாற்று நூலில் இதை எழுதிவைத்திருக்கிறார். 1869-ல் ஆல்பெர்ட் ஆங்கர் இதை ஓவியமாக்கினார். காப்பெல் பால்சூப் என்றால் இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பாலும் ரொட்டியும் சேர்ந்ததற்காகவே இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். அதைவிடக் கவனிக்க வேண்டியது அந்தக் கரண்டித் தட்டு. யாரும் யாரையும் மதம் மாற்றவில்லை, யாரும் தன் நம்பிக்கையைப் பாதியாக்கிக்கொள்ளவில்லை. பாத்திரத்துக்குள்ளும் எல்லைக்கோடு இருந்தது.

சூப்பின் சூடு இரண்டு ஆண்டுதான் தாங்கியது. எதிரியை முடித்திருக்க வேண்டிய நேரத்தில் விட்டுவிட்டோம் என்ற வருத்தம் சுவிங்லிக்கு. மலைநாட்டுக்குத் தானியமும் உப்பும் போகாமல் தடை போடப்பட்டது. பட்டினிக்குத் தள்ளப்பட்ட ஐந்து கன்டன்கள் 1531 அக்டோபரில் திருப்பித் தாக்கின. அதே காப்பெலில் சூரிச் பக்கம் சுமார் 500 பேர் செத்தார்கள். சுவிங்லியும் களத்திலேயே மாண்டார். அப்போது கத்தோலிக்கர் கை மேலோங்கி இருந்தது. இருந்தும், நீ மதம் மாறு என்று அவர்கள் சூரிச்சை நெருக்கவில்லை. எந்தக் கன்டனுக்கு எந்த மதம் என்பதை அந்தக் கன்டனே முடிவுசெய்துகொள்ளட்டும் என்று ஒப்பந்தமானது. ஜெர்மனி இப்படி ஓர் ஏற்பாட்டுக்கு வர மேலும் 24 ஆண்டு பிடித்தது.

பரந்த மனதால் வந்த ஏற்பாடு என்று இதைச் சொல்ல முடியாது. கன்டனுக்குள் சிறுபான்மையாக இருந்தவர் பாடு திண்டாட்டம்தான். சேர்ந்து வாழ்ந்ததிலும் வேடிக்கைகள் உண்டு. போப் கிரிகோரி திருத்திய புதிய நாட்காட்டியைப் பெரும்பாலான கத்தோலிக்கக் கன்டன்கள் 1584-ல் ஏற்றன. போப் சொன்னார் என்பதாலேயே சூரிச்சும் பெர்னும் 1701 வரை ஏற்கவில்லை. நூறு ஆண்டுக்கு மேல், ஒரு மலைமுகட்டைத் தாண்டினால் பத்து நாள் பின்னால் போய்விடலாம். அப்பென்செல் கன்டன் 1597-ல் மதத்தின்படி இரண்டாகப் பிரிந்துகொண்டது, அதுவும் சண்டையில்லாமல். கிளாருஸில் ஒரே தேவாலயத்தை இரு சபையாரும் முறைவைத்துப் பயன்படுத்தினார்கள்.

பெரிய சோதனை 1847-ல் வந்தது. தொழிலும் ரயிலும் வரத் தொடங்கிய காலம். வலுவான ஒரே கூட்டாட்சி வேண்டும் என்றார்கள் தாராளவாதிகள். அது வந்தால் தங்கள் மதமும் உள்ளூர் உரிமையும் கரைந்துபோகும் என்று அஞ்சியது கத்தோலிக்க மலைநாடு. 1841-ல் ஆர்காவ் கன்டன் மடங்களை மூடியது. 1844-ல் லூசெர்ன் இயேசு சபைத் துறவிகளைக் கல்விக்கு அழைத்தது. வீரமாமுனிவரைத் தமிழுக்கு அனுப்பிய அதே இயேசு சபைதான். சுவிஸ் புராட்டஸ்டன்டுகளுக்கோ அந்தப் பெயரைக் கேட்டாலே ஆகாது. ஆயுதக் கும்பல்கள் லூசெர்னைப் பிடிக்கப் படையெடுத்துத் தோற்றன. 1845-ல் ஏழு கத்தோலிக்கக் கன்டன்கள் சோண்டர்பண்ட் என்ற தனிக் கூட்டணி அமைத்தன. அதைக் கலைக்கக் கூட்டாட்சி மன்றம் முடிவெடுத்து, படைத் தலைமையை ஜெனீவாக்காரரான கியோம்-ஆன்றி துஃபூரிடம் ஒப்படைத்தது.

அவருக்கு அப்போது 60 வயது. நெப்போலியன் படையில் பொறியாளராக இருந்தவர். நாடு முழுவதையும் அளந்து வரைபடம் தயாரிக்கும் வேலையில் இருந்தவர். ஒவ்வொரு மலையையும் பள்ளத்தாக்கையும் கோடு கோடாக வரைந்த ஆளிடமே அதே மண்ணில் பீரங்கி வைக்கும் வேலை வந்து சேர்ந்தது. தயங்கித்தான் ஏற்றார். படைக்கு அவர் விடுத்த அறிவிப்பின் சாரம் இது: இந்தப் போரிலிருந்து வெற்றியோடு மட்டும் வந்தால் போதாது, பழிச்சொல் இல்லாமலும் வர வேண்டும். குழந்தைகள், பெண்கள், முதியோர், குருமார்கள் எல்லோரும் படையின் பாதுகாப்பில் இருப்பவர்கள். காயம்பட்ட எதிரியைத் தன் ஆளைப் போலவே கவனிக்க வேண்டும்.

அறிவிப்பு விடுவது எளிது. துஃபூரின் திறமை போர்த்திட்டத்தில் இருந்தது. எதிரி சண்டைபோடத் தேவையே இல்லாதபடி பெரும் படையைக் குவித்தார். முதல் குறி அந்த ஏழு கன்டன்களில் ஒன்றான ஃப்ரிபோர்க். நகரத்தைச் சுற்றி வளைத்து, பீரங்கிகளை நிறுத்தி, இனி எதிர்ப்பதில் பயனில்லை என்று தூதர் வழியாகத் தெரிவித்தார். நவம்பர் 14-ல் ஃப்ரிபோர்க் சரணடைந்தது. சில இடங்களில் சூறையாடல் நடக்காமல் இல்லை; ஆனால் நகரம் எரியவில்லை. நவம்பர் 23-ல் கிசிகோனில் நடந்ததுதான் பெரிய மோதல். மறுநாள் லூசெர்ன் விழுந்தது. 29-ஆம் தேதி வலே கன்டனும் பணிய, 26 நாளில் போர் முடிந்தது. இரு தரப்பிலும் சேர்த்து இறந்தவர்கள் 100 பேருக்கும் குறைவு.

இதில் கணக்கும் இருந்தது. ஆஸ்திரியாவின் சான்சலர் மெட்டர்நிக் கத்தோலிக்கர் பக்கம் தலையிடச் சமயம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அசைவதற்குள் முடிக்க வேண்டும். முடிந்த பிறகு தோற்றவர்களோடு ஒரே நாட்டில் வாழவும் வேண்டும். நாளை எதிர்ப்பக்கத்து ஊரில் கடை வைக்க வேண்டியவன் இன்று அந்த ஊரைக் கொளுத்தமாட்டான் என்ற அளவில், துஃபூரின் இரக்கம் நல்ல அரசியலும்கூட. எதிர்ப்படைத் தளபதி சாலிஸ்-சோலியோ ஒரு புராட்டஸ்டன்ட்! கத்தோலிக்கக் கன்டனான டிச்சினோவின் படை துஃபூர் பக்கம் நின்றது. கோடு மதத்தின்படி மட்டும் கிழியாமல் இருந்ததும் காயம் ஆற உதவியது. 1863-ல் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட ஐவர் குழுவில் துஃபூரும் ஒருவர். மறு ஆண்டு ஜெனீவா உடன்படிக்கை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

1848-ல் வெற்றியாளர்கள் அரசியல் சட்டம் எழுத உட்கார்ந்தார்கள். மக்கள்தொகைப்படி ஒரே சபை என்று எழுதியிருந்தால் மலைக் கன்டன்களின் குரல் அன்றோடு போயிருக்கும். அதற்குப் பதில் இரண்டு சபை வைத்தார்கள். ஒன்று மக்கள்தொகைப்படி, மற்றதில் பெரிய பெர்னுக்கும் சின்னஞ்சிறு ஊரிக்கும் தலா இரண்டு இடம். அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டுமானால் மொத்த வாக்காளரில் பெரும்பான்மையும் வேண்டும், கன்டன்களில் பெரும்பான்மையும் வேண்டும் என்றார்கள். தோற்றவர் கையில் தாங்களே ஒரு பூட்டுச் சாவியைக் கொடுத்ததற்குச் சமம் இது. எல்லாவற்றிலும் இந்தப் பெருந்தன்மை காட்டினார்கள் என்று சொல்வதற்கில்லை. இயேசு சபைக்குப் போட்ட தடை 1973 வரை சட்டத்தில் இருந்தது. யூதர்கள் விரும்பிய ஊரில் குடியேறும் உரிமை 1866-ல்தான் வந்தது.

மத்திய அரசில் அமைச்சர்கள் ஏழு பேர். முதல் 43 ஆண்டு அந்த ஏழு நாற்காலியும் வெற்றிபெற்ற தரப்புக்கே போயின. அதை மாற்றியது நல்லெண்ணம் என்று சொல்ல முடியவில்லை, கையெழுத்துத்தான் மாற்றியது. நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டத்தை எதிர்த்துக் குடிமக்கள் கையெழுத்துத் திரட்டினால் அதை வாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்ற விதி 1874-ல் வந்தது. இன்றைய கணக்கில் 100 நாளில் 50,000 கையெழுத்து. கத்தோலிக்கர்கள் இந்த ஆயுதத்தைக் கையில் எடுத்துச் சட்டங்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தார்கள். 1891-ல் ரயில்வேயை அரசு வாங்கும் திட்டம் வாக்கெடுப்பில் தோற்க, அதற்குப் பொறுப்பான அமைச்சர் வெல்ட்டி பதவி விலகினார். வெளியே நின்று கல்லெறிகிறவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பதே மேல் என்று ஆளும் தரப்பு முடிவுசெய்தது. லூசெர்ன்காரரான யோசெஃப் செம்ப் முதல் கத்தோலிக்கப் பழமைவாத அமைச்சரானார். ரயில்வே இலாகாவையே அவரிடம் கொடுத்தார்கள். நாட்டுடைமையை எதிர்த்துவந்த அவர் பொறுப்பிலேயே, 1898-ல் மக்கள் வாக்களித்து ரயில்வே நாட்டுடைமையானது.

சோஷலிஸ்டுகள் கதையும் ஏறக்குறைய இதே போக்குத்தான். 1918-ல் பொது வேலைநிறுத்தம், அதை அடக்க ராணுவம். 1937-ல் இயந்திரத் தொழிலில் முதலாளி-தொழிலாளி சமாதான ஒப்பந்தம். 1943-ல் முதல் சோஷலிஸ்ட் அமைச்சர். 1959-ல் நான்கு பெரிய கட்சிகள் 2-2-2-1 என்று ஏழு இடத்தைப் பங்கிட்டுக்கொண்டன. மாயச் சூத்திரம் என்று அதற்குப் பெயர் வந்தது. 2003-ல் பங்கு கொஞ்சம் மாறியது, முறை மாறவில்லை. குடியரசுத் தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றிவரும். அமைச்சரவையில் ஒரு முடிவை எதிர்த்து வாக்களித்த அமைச்சரும் வெளியே வந்தால் அதே முடிவை ஆதரித்துப் பேச வேண்டும். நம் ஊர்க் கண்ணுக்கு இது விசித்திரம். எதிர்க்கட்சி எங்கே என்று கேட்கத் தோன்றும். எதிர்க்கட்சி வேலையைக் கையெழுத்துத் திரட்டும் குடிமக்களே பார்த்துக்கொள்கிறார்கள்.

பிரிவினைக் கோரிக்கையையும் இந்த முறை சந்தித்திருக்கிறது. ஜெர்மன் மொழிப் பெரும்பான்மை கொண்ட பெர்ன் கன்டனிலிருந்து பிரிய, பிரெஞ்சு பேசும் யூரா பகுதியில் இயக்கம் எழுந்தது. 1960-களில் தீவைப்பும் குண்டும்கூட நடந்தன. 1974-ல் அந்தப் பகுதி முழுவதும் வாக்கெடுப்பு, பிறகு மாவட்டவாரியாக, பிறகு எல்லைக் கிராமங்களில் ஊர்வாரியாக என்று வடிகட்டிக்கொண்டே போனார்கள். யாரையும் அவர் விருப்பத்துக்கு மாறாக எந்தப் பக்கமும் தள்ளக் கூடாது என்பதே நோக்கம். 1978-ல் நாடு முழுவதும் வாக்களித்து ஏற்க, 1979-ல் யூரா தனிக் கன்டனாயிற்று. முத்தியே என்ற ஊரின் வழக்கு அதற்குப் பின்னும் ஓடி, 2021 வாக்கெடுப்பில்தான் முடிவுக்கு வந்தது.

இவ்வளவுக்கும் கொடுத்த விலை நேரம். பெண்களுக்குத் தேசிய வாக்குரிமை 1971-ல்தான் கிடைத்தது. ஆண்களிடம் வாக்கெடுப்பு நடத்தி அவர்கள் சம்மதிக்கும்வரை காத்திருந்த நாடு அது. அப்பென்செலின் கத்தோலிக்கப் பாதியில் 1990-ல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே கன்டன் அளவிலும் பெண்கள் கை தூக்கினார்கள். பேறுகாலக் காப்பீட்டுக்கு 1945-லேயே அரசியல் சட்டத்தில் இடம் கிடைத்தும், நடைமுறைக்கு வர 60 ஆண்டு ஆயிற்று. மிதம் என்ற பெயரில் மந்தம் நுழைந்துகொண்டால் அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் மேசையில் இடமில்லாதவர்களே.

அந்த மேசையில் புதிதாக வந்தவர்களுக்கு இடம் கிடைத்ததா என்பதற்கு 2009 நவம்பர் 29 ஒரு பதில். மசூதிக் கோபுரமான மினாரெட்டைப் புதிதாகக் கட்டத் தடை விதிக்கும் முன்மொழிவை அரசும் நாடாளுமன்றமும் நிராகரிக்கச் சொல்லியும், 57.5 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். அப்போது நாடு முழுவதும் இருந்த மினாரெட்டுகள் நான்கு. கத்தோலிக்கரிடம் கையெழுத்துத் திரட்டும் பலம் இருந்தது, கன்டன்கள் இருந்தன. முஸ்லிம்களிடம் இரண்டும் இல்லை. சுவிஸ் மிதவாதத்தில் பலத்துக்கு எவ்வளவு பங்கு, மனதுக்கு எவ்வளவு பங்கு என்று அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்டிவிட்டது.

மிதவாதத் தலைவருக்குப் பின்னால் இத்தகைய அமைப்பு எதுவும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது இலங்கைத் தமிழருக்குத் தெரிந்த கதை. 1957 ஜூலையில் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் ஒப்பந்தம் செய்தார்கள். பிராந்திய சபைகள், வடக்கிலும் கிழக்கிலும் தமிழில் நிர்வாகம். செல்வநாயகத்தின் கட்சி அறிவித்திருந்த சத்தியாக்கிரகத்தைக் கைவிட்டது. இரு தலைவர்களும் தத்தம் கரண்டியை அவரவர் பாதிக்குள் வைக்கத் தயாராகவே இருந்தார்கள். ஆனால் பண்டாரநாயக்கவைவிடத் தீவிரமாகப் பேசினால் சிங்கள வாக்கு தமக்கு வரும் என்று எதிர்க்கட்சி கணக்குப் போட்டது. எதிர்க்கட்சியின் ஜெயவர்தன கண்டிக்கு நடைபயணம் கிளம்பினார். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமர் வீட்டு வாசலில் உட்கார, ஒப்பந்தம் அன்றே ரத்தானது. எதிர்க்கட்சியும் அதே அமைச்சரவையில் உட்கார்ந்து அந்த முடிவுக்குப் பொறுப்பேற்க வேண்டியிருந்திருந்தால் அந்த நடைபயணத்தில் லாபம் குறைவு.

அந்தத் தீவிலிருந்து 1980-களில் கிளம்பிய தமிழர்களில் பலர் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று சுவிட்சர்லாந்து. இன்று அங்கே இலங்கைத் தமிழ் வழிவந்தோர் சுமார் 50,000 பேர். பெர்ன் நகரின் ஐரோப்பாச் சதுக்கத்தில் 2014 டிசம்பரில் மதங்களின் இல்லம் என்ற கட்டடம் திறக்கப்பட்டது. தமிழர்களின் சைவக் கோயில், மசூதி, கிறிஸ்தவ ஆலயம், பௌத்த மையம், அலெவி பிரிவினரின் வழிபாட்டுக் கூடம் எல்லாம் அங்கே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி அறை, தனிக் கதவு. ஒன்றின் சடங்கில் மற்றது கலப்பதில்லை. மசூதிக்கு மினாரெட் கிடையாது, சட்டம் சட்டம்தான். யூதர்கள், சீக்கியர்கள், பஹாய்கள் தனி அறை இல்லாமல் நிகழ்ச்சிகளில் பங்கேற்கிறார்கள். கட்டடத்தில் வணக்கம் என்ற பெயரில் ஒரு சைவ உணவகமும் தொடங்கப்பட்டது. இந்து ஒருவரின் சமையல். இறைச்சியே இல்லாததால் அதையும் பாலையும் கலக்கக் கூடாது என்ற யூத விதியால் சிக்கல் வரவில்லை. அடுப்படியை யூத குரு பார்வையிட்டு கோஷர் சான்று வழங்கினார். மதியம் சோறும் பருப்பும் தட்டில் விழுந்ததும் எல்லோரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.